பழைய ஒட்டோ கியர் காருக்கு கியர் ஒயில் மாற்றுதல்: மலைநாட்டில் ஓட்டுபவர்களுக்கு

கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும்போது, கியர் மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் இரைந்துவிட்டு கார் தயங்குகிறதா? காலையில் ரிவர்ஸில் போட்டால் இரண்டு மூன்று செக்கன் கழித்து 'டொக்' என்று இழுக்கிறதா? "கியர் பெட்டி முடிந்தது, வேறொன்று போடுவோம்" என்று யாராவது சொல்லும் முன் உள்ளே இருக்கும் ஒயிலைப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான், ஒயில் செத்துப் போயிருந்தாலும் இதே அறிகுறிதான்.

வேலை கடினமானதல்ல. பெட்டியின் அடியில் ஒரு நட்டைக் கழற்றி ஒயிலை இறக்கி, வந்த அளவு புது ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கெட்டுப்போவது இரண்டு இடத்தில்: தவறான ஒயில், தவறான அளவு. நம் பக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம். காரணம் 7ஆம் படியில் இருக்கிறது. மற்றதை மேலோட்டமாக வாசித்தாலும் அதை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

1. உங்கள் காரில் இருப்பது என்ன பெட்டி?

இங்கே சொல்லும் முறை, டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) வைத்த சாதாரண ஒட்டோ பெட்டிகளுக்கு. கொரொல்லா 110, 121, சன்னி எஃப்பி14, எஃப்பி15, பழைய சிவிக் எல்லாம் இதில் அடங்கும். கியர்களுக்குப் பதில் இரும்புப் பட்டியும் புல்லியும் வைத்து இயங்கும் சிவிடி பெட்டிக்கு இந்த ஒயிலும் இந்த அளவுகளும் பொருந்தாது. ஷிஃப்ட் லீவரைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் சிக்கல். ஹொண்டா ஃபிட்டின் முதல் தலைமுறை, ஜப்பானில் ஓடி இங்கே வந்த லான்சர் சிடியா போன்றவற்றில் சிவிடி உண்டு. அதில் சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் இரும்புப் பட்டி வழுக்கி, புல்லியைச் சுரண்டிவிடும். பிறகு திருத்த ஒன்றும் மிஞ்சாது.

டொயோட்டாவில் எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு தகடு இருக்கும். சேசிஸ் நம்பருக்குக் கீழே கியர்பொக்ஸ் குறியீடும் அதில் அடித்திருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒயில் கடையிலும் பாகக் கடையிலும் அதுதான் முதலில் கேட்கப்படும். வாகனப் பதிவுப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோனால் பாதி விடைதான் கிடைக்கும், அதில் சேசிஸ் நம்பர் இருக்குமே தவிர கியர்பொக்ஸ் குறியீடு இருக்காது. பெட்டி ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்ட காராக இருந்தால் தகட்டையும் நம்ப வேண்டாம். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பாருங்கள். டொயோட்டாவில் என்ன ஒயில் போட வேண்டும் என்று அந்தக் கம்பியிலேயே பொறித்திருக்கும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் விளிம்பில் பழைய ஜப்பானிய சேர்விஸ் ஸ்டிக்கர் சிலவற்றில் இன்னமும் ஒட்டியிருக்கும். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒட்டோ கியர் ஒயிலைக் குறிக்கும் 'ஏடிஎஃப்' என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் ஒரு கிலோமீற்றர் கணக்கும் இருந்தால், கடைசியாக ஒயில் மாறியது எப்போது என்று தெரிந்துவிடும்.

2. மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

டிப்ஸ்டிக் நுனியில் உள்ள ஒயிலை வெள்ளை டிஷூ ஒன்றில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகவோ வெளிர் தவிட்டு நிறமாகவோ பரவினால் தாராளமாக மாற்றலாம். கறுத்து, நடுவில் கரும்புள்ளி தங்கி, தீய்ந்த வாசம் அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் ரேடியேற்றருக்குள் இருக்கும், கியர் ஒயிலை ஆற்றும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் ரேடியேற்றரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் காசு தண்ணீரோடு போகும்.

"இரண்டு லட்சம் ஓடிய பெட்டியில் ஒயில் மாற்றினால் பெட்டி போய்விடும்" என்ற பேச்சை எல்லாக் கராஜிலும் கேட்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே வழுக்கும் பெட்டியைப் புது ஒயில் காப்பாற்றாது. சாகக் கிடந்தது ஒயில் மாற்றிய வாரத்தில் செத்தால் பழி ஒயில் மேல் விழும். இன்னொன்று, மெஷின் பூட்டி அழுத்தமாக அடித்துக் கழுவும்போது அடியில் படிந்த கசடு கிளம்பி, ஒயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பொடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைக்கலாம். வழுக்கல் இல்லாத பெட்டியில் நட்டைக் கழற்றி இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதில் அந்தப் பயம் வேண்டாம். பழைய காருக்கு மெஷின் ஃப்ளஷ் செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 'வழுக்கலை நிறுத்தும் மருந்து' என்று சிறிய போத்தலில் விற்பதும் வேண்டாம்.

3. எந்த ஒயில், எத்தனை லீற்றர்

சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரரே சொல்வார். அப்படியல்ல. பழைய கொரொல்லா 110 வகைகளுக்கு டெக்ஸ்ரன் 2 அல்லது 3, கொரொல்லா 121க்கு டொயோட்டா டைப் டி-4, சன்னிக்கு நிசான் மெட்டிக் டி, மிட்சுபிஷி நான்கு கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-3. ஹொண்டாவுக்கு முன்பு இசட்-1 இருந்தது, இப்போது அந்த இடத்தில் டிடபிள்யூ-1 வருகிறது. டபிள்யூஎஸ் என்று எழுதியிருப்பது டொயோட்டாவே என்றாலும் டி-4 கேட்கும் பெட்டியில் ஊற்ற வேண்டாம், அது மெல்லிய ஒயில். டெக்ஸ்ரன் 3க்கு ஜெனரல் மோட்டர்ஸ் உரிமம் கொடுப்பது 2006 இறுதியோடு நின்றுவிட்டது. இன்றைக்கு போத்தலில் அந்தப் பெயரைப் பார்த்தால் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் போட்டது என்று வைத்துக்கொண்டு, பெயர் தெரிந்த கம்பனியின் ஒயிலாகப் பார்த்து வாங்குங்கள். பீப்பாயில் இருந்து அளந்து தரும் ஒயில் பெட்டிக்கு ஆகாது.

அளவுக் கணக்கு இப்படி. ஒரு கொரொல்லாவின் பெட்டிக்குள் மொத்தம் ஏறத்தாழ 7 லீற்றர் இருக்கும். நட்டைக் கழற்றினால் வருவது சுமார் 3 லீற்றர்தான். மீதி 4 லீற்றர், எஞ்சினின் சக்தியை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் கன்வேர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றினால் உள்ளே 57 சதவீதம் பழசுதான். இரண்டாவது முறை 33 சதவீதமாகவும், மூன்றாவது முறை 19 சதவீதமாகவும் குறையும். நீண்ட நாள் மாற்றாத காருக்கு மூன்று சுற்று போதும், நான்காவதில் காசுக்கு ஏற்ற பலன் இல்லை. மூன்று சுற்றுக்கு 9 லீற்றர், அதாவது 4 லீற்றர் கேன் இரண்டும் ஒரு லீற்றர் போத்தல் ஒன்றும். சிந்துவதற்கும் குறை நிரப்புவதற்கும் இன்னொரு போத்தல் கையில் இருக்கட்டும். ஒழுங்காக மாற்றி வந்த காருக்கு ஒரு சுற்றே போதும், ஒரு கேன்.

ரூபாக் கணக்கை இங்கே எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும், லீற்றர் கணக்கு மாறாது. கடைகளில் கேட்கும்போது கேன் விலையைக் கேட்காமல் லீற்றர் விலையாகப் பிரித்துக் கேளுங்கள். சிறிய நகரக் கடையில் உங்கள் ஒயில் இல்லையென்றால், "இதுவும் அதேதான்" என்று தருவதை வாங்காமல் கண்டியிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ எடுப்பிக்கலாம். இரண்டு நாள் தாமதம்தான். பில்லில் வெறுமனே 'கியர் ஒயில்' என்று எழுத விடாதீர்கள். ஒயிலின் பெயர், வகை, எத்தனை லீற்றர் மூன்றும் இருக்க வேண்டும். பிறகு காரை விற்கும்போதும், இன்னொரு பாஸ் கையில் கார் போகும்போதும் அந்தத் துண்டுதான் சாட்சி.

ஒயிலைத் தவிர வேண்டியவை: நட்டுக்கு ஒரு புது வொஷர், 10 மில்லிமீற்றர் அலன் கீ (பெரும்பாலான டொயோட்டா பெட்டி நட்டுகளுக்கு), டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் நீண்ட மெல்லிய புனல், அளவு போட்ட ஜக் இரண்டு, நூல் பிரியாத துணி. பழைய ஹொண்டாவில் நட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், அரை அங்குலத்தைவிடச் சிறிய 3/8 ராட்செட்டின் முனையே அதில் பொருந்தும்.

4. நாளும் இடமும்

முதல் சுற்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மழையில் செய்ய வேண்டாம். திறந்த குழாய் வழியே ஒரு கரண்டி தண்ணீர் போனாலும் கிளட்ச் தகட்டின் ஒட்டுப் பசை இளகத் தொடங்கும். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

இடம் மட்டமாக இருக்க வேண்டும், இதுதான் பெரிய தேடல். லயத்து முற்றம், வீட்டு வாசல், வீதியோரம் எல்லாமே கண்ணுக்குத் தெரியாமல் சரிவாகத்தான் இருக்கும். மேசன் பாஸ் ஒருவரிடம் ரசமட்டம் வாங்கி, ஒரு நேர்ப்பலகையின் மேல் வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். அது இல்லையென்றால் பாதி தண்ணீர் ஊற்றி மூடிய போத்தலைப் படுக்க வைத்தாலே போதும். பெற்றோல் ஷெட்டின் கொங்கிரீட் தரை, பாடசாலை மைதானம், கோயில் முன்றல் இவற்றில் ஒன்று பெரும்பாலும் தேறும். ஜாக்கில் தூக்குவதையும் அளவு பார்ப்பதையும் மட்டத்தில்தான் செய்யுங்கள்.

பிட் உள்ள கராஜில் ஒரு மணி நேரம் இடம் கேட்டு வாங்குவதே என் தெரிவு. வீட்டில் தூக்குவதானால் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போக வேண்டாம், ஜாக் ஸ்டேண்ட் கட்டாயம். சில்லுக்கு மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் கட்டை வையுங்கள். உருளும் கல்லை வைக்காதீர்கள்.

5. இறக்குதல்

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு வந்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒயில் நன்றாக இறங்கும். ஏற்றம் ஏறி வந்த கையோடு கழற்றினால் கை வெந்துவிடும்.

இப்போது எல்லோரும் விழும் பள்ளம். எஞ்சின் ஒயில் நட்டும் கியர் நட்டும் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டொயோட்டா, சன்னி போன்றவற்றில் எஞ்சின் காரின் வலப்பக்கமும் பெட்டி இடப்பக்கமும் இருக்கும். பழைய சிவிக்கில் இது மாறியிருக்கலாம். எஞ்சின் ஒயில் மாற்றப் போய் பெட்டியைக் காலி செய்துவிட்டு, எஞ்சினில் மேலும் மூன்றரை லீற்றர் ஊற்றி, பெட்டி வறண்டும் எஞ்சின் நிரம்பி வழிந்தும் கார் வெளியே போவது சேர்விஸ் ஸ்டேஷன்களில் நடக்கிற காரியம். எஞ்சின் நட்டு பெரும்பாலும் வெளியே ஆறுகோணத் தலையோடு இருக்கும். டொயோட்டாப் பெட்டியின் நட்டு உட்குழிவானது. சந்தேகமென்றால் நட்டைக் கொஞ்சம் இளக்கி இரண்டு சொட்டு விட்டு நிறத்தைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டி இங்கே சொல்லும் முறையில் அடங்காது, ஆனாலும் அதைத் திறப்பவர்கள் முதலில் ஊற்றும் நட்டு கழறுகிறதா என்று பாருங்கள். காலி செய்த பிறகு அது துருப்பிடித்துக் கிடப்பது தெரிந்தால் காரை இழுத்துத்தான் போக வேண்டும்.

நட்டைக் கழற்றி, வந்த முழுவதையும் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். பதினைந்து நிமிடம் சொட்டட்டும். நட்டின் நுனியிலோ, பெட்டியின் அடித்தட்டான சம்ப்புக்குள்ளோ காந்தம் இருக்கும். அதில் மையைப் போல் நுண்ணிய சாம்பல் கசடு ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் தேய்த்தால் மணலாக நெருடினாலோ, பளபளக்கும் துகள் தெரிந்தாலோ உள்ளே எதோ அரைபடுகிறது. மேலும் செலவு செய்யும் முன் ஒரு கியர்பொக்ஸ் பாஸிடம் காட்டுங்கள்.

மூன்று கியர் மட்டும் உள்ள ஏ131எல் பெட்டி போட்ட பழைய கொரொல்லாக்களில், சில்லுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்குத் தனியாக ஏறத்தாழ 1.4 லீற்றர் ஒயில் உண்டு, தனி நட்டும் உண்டு. பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அதை மறப்பவர்கள் அதிகம்.

6. சம்ப்பைக் கழற்றுவதா?

முதல்முறை மாற்றும் டொயோட்டாவில் கழற்றுவது நல்லது. உள்ளே வலை வடிகட்டி இருக்கிறது, காந்தங்களையும் துடைக்கலாம். பழைய ஹொண்டாப் பெட்டிக்கு அப்படியான சம்ப் கிடையாது, விட்டுவிடுங்கள். கழற்றினால் புது பெக்கிங் வேண்டும். சிலிகன் அள்ளிப் பூச வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு வடிகட்டியில் போய் ஒட்டும். சம்ப் போல்ட்டுகள் சின்னவை, அவற்றை 5 முதல் 8 நியூட்டன் மீற்றர் வரைதான் இறுக்க வேண்டும். சாதாரண ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் பலம் அது. மாறி மாறி எதிரெதிர்ப் பக்கமாக இறுக்குங்கள். ஒழுகுகிறது என்று மேலும் முறுக்கினால் சம்ப் விளிம்பு வளைந்து இன்னும் ஒழுகும், அல்லது அலுமினிய மரை கழன்று வரும்.

7. ஊற்றுதலும் அளவு பார்த்தலும்

இறங்கிய ஒயில் முழுவதும் ஆறி, புது ஒயிலின் சூட்டுக்கு வந்த பிறகு ஜக்கில் அளங்கள். 60 பாகை சூட்டு வித்தியாசத்தில் 3 லீற்றருக்கு ஏறத்தாழ 130 மில்லிலீற்றர் வீங்கிக் காட்டும். எவ்வளவு வந்ததோ அவ்வளவு, டிப்ஸ்டிக் குழாய் வழியே, மெதுவாக. ஏற்கெனவே குறைவாக இருந்த கார் என்றால் இது முதல் கணக்குதான், கடைசிக் கணக்கு டிப்ஸ்டிக்கில்.

அளவு பார்க்கும் முறை காருக்குக் கார் மாறும். டொயோட்டா, நிசானில்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு செக்கன் வைத்து, பார்க்கிங்குக்குத் திரும்பி, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஹொண்டாவில் நேர்மாறு: சூடான பெட்டி, எஞ்சினை நிறுத்தி 60 முதல் 90 செக்கனுக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டா முறையில் ஹொண்டாவைப் பார்த்தாலும், ஹொண்டா முறையில் டொயோட்டாவைப் பார்த்தாலும் தவறான அளவுதான் வரும். எஞ்சினை நிறுத்தினால் கன்வேர்ட்டரில் உள்ளது சம்ப்புக்கு வடிந்து, இல்லாத ஒயிலை இருப்பதாகக் காட்டும்.

டொயோட்டா டிப்ஸ்டிக்கில் இரண்டு சோடிக் கோடுகள் இருக்கும். மேலே உள்ள 'ஹொட்' கோடு, ஒயில் 70 முதல் 80 பாகை சூட்டில் இருக்கும்போது. கீழே உள்ள 'கூல்' கோடு 20 முதல் 30 பாகைக்கு. நுவரெலியாவில், கந்தப்பளையில் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் நிற்கும் காரின் ஒயில் 20 பாகையில் இருக்காது, பத்துப் பன்னிரண்டில் இருக்கும். அப்போது 'கூல்' கோட்டைப் பார்த்தால் குறைவாகத் தெரியும். "குறைகிறது" என்று அரை லீற்றர் ஊற்றுவீர்கள். பகலில் றம்பொடை ஏறும்போது அதே ஒயில் வீங்கி, சுழலும் பாகங்களில் பட்டு நுரைத்து, காற்றுக் குழாய் வழியே வெளியே தள்ளும். நுரையில் அழுத்தம் வராது, கிளட்ச் வழுக்கும். மலைநாட்டில் அதிக ஒயிலால் கெடும் பெட்டிகளுக்கு இதுதான் காரணம். 'கூல்' கோடு, கராஜை விட்டு வெளியே எடுக்கப் போதுமா என்று பார்க்க மட்டும். முடிவை 'ஹொட்' கோட்டில் எடுங்கள், இருபது நிமிடமாவது ஓடி வந்து, மட்டமான தரையில்.

கம்பியைத் துடைத்து, முழுதாக உள்ளே தள்ளி, உருவிய உடன் இரண்டு பக்கமும் பாருங்கள். புதிதாக ஊற்றிய ஒயில் குழாய்ச் சுவரில் வழிந்து ஒரு பக்கத்தை உயர்த்திக் காட்டும். தாழ்ந்த பக்கம்தான் உண்மை. குறைந்தால் 100 மில்லிலீற்றர், திரும்பப் பார்த்தல், இன்னும் 100. 'ஹொட்' கோடுகளுக்கு நடுவில் நிறுத்துங்கள், மேல் கோட்டைத் தொட ஆசைப்பட வேண்டாம். கூடிவிட்டால் மெல்லிய குழாயும் சிரிஞ்சும் வைத்து அதே வழியாக உறிஞ்சி எடுக்கலாம், திரும்ப நட்டைக் கழற்றத் தேவையில்லை.

8. ஓடிப் பார்த்தல், அடுத்த சுற்றுகள்

முதல் ஓட்டம் பக்கத்து ஏற்றம் ஒன்றில் ஐந்து கிலோமீற்றர் போதும். திரும்பி வந்து அடியில் காட்போட் மட்டை ஒன்றை விரித்து இரவு நிறுத்துங்கள், காலையில் சிவப்புச் சொட்டு இருக்கக் கூடாது. இரண்டாம் சுற்றை 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள், மூன்றாம் சுற்றை அதற்கு அடுத்த அதே தூரத்துக்குள். ஒரே நாளில் மூன்றையும் செய்வதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஓடி, எல்லாக் கியரும் போட்டு ஒயிலைக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றிய புதுசையே திரும்ப இறக்குகிறீர்கள்.

அதன் பிறகு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒரு சுற்று. மேனுவலில் இதைவிட அதிகம் போட்டிருக்கும், ஆனால் அது தட்டையான வீதிக்கு எழுதியது. ஏற்றத்தில் 25 கிலோமீற்றர் வேகத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது கன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கலில் வீணாகும் சக்தி முழுவதும் சூடாக ஒயிலில் இறங்குகிறது. நீண்ட ஏற்றத்தில் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள், மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பெட்டி அலைவது நிற்கும். இறக்கத்திலும் இரண்டாம் கியரில் விட்டால் பிரேக்கும் பிழைக்கும்.

மாற்றிய திகதி, கிலோமீற்றர், ஒயில் வகை மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிப்ஸ்டிக் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை யாரோ ஒரு பையன் வேறு ஒயிலை ஊற்றுவதை அது தடுக்கும்.

9. பழைய ஒயில்

ஒன்பது லீற்றர் பழைய ஒயில் கையில் மிஞ்சும். கானில் ஊற்றினால் அது தேயிலை மலைச் சரிவில் இறங்கி ஓடைக்குப் போகும், அந்த ஓடையில்தான் கீழே உள்ள லயத்துக்காரர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். புது ஒயில் வந்த அதே கேன்களில் ஊற்றி மூடி, பழைய எஞ்சின் ஒயில் பீப்பாய் வைத்திருக்கும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் கொடுங்கள். கொடுக்கும் முன் கேனில் ஒட்டிய லேபலைக் கிழித்துவிடுங்கள். அசல் கேன் காலியாகக் கிடைத்தால் அதில் வேறெதையோ நிரப்பி விற்க ஆள் இருக்கிறது.